துரையின் தொப்பியில் வடித்த பெட்ரோல்

சிங்கப்பூருக்கு வடக்கே லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லாரிக் கொட்டகைக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில் எனக்குத் தூக்கம் குறைவு. பெட்ரோலுக்குப் பொறுப்பானவன் நன்றாகத் தூங்குகிறான் என்றால் அவனிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பேன்.

பெட்ரோல் ரயிலில் பீப்பாயாக வரும். அதைப் பழைய தகரங்களில் பிடித்து வைப்போம். லாரியின் ரேடியேட்டருக்கு ஊற்றும் தண்ணீரும் அதே மாதிரித் தகரங்களில்தான் இருக்கும். அதனால் தண்ணீர்த் தகரத்தின் மேல் சுண்ணாம்பால் ஒரு பட்டை இழுத்து வைப்பது என் ஏற்பாடு. வெள்ளை இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் பெட்ரோல். இதைக் கொட்டகையில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். மறந்துவிடுவார்களோ என்று மறுபடியும் சொல்லியிருந்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. லாரியைப் பழுது பார்க்கும் எங்கள் பிட்டர் பக்திமான். லாரியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தார். அது போதாதென்று கொட்டகையில் கைக்கு அகப்பட்ட எல்லாவற்றுக்கும் விபூதியைக் குழைத்துப் பூசினார். ஸ்பானர், ஜாக்கி, புனல், தகரங்கள். எல்லாத் தகரங்களும். காய்ந்ததும் அது சுண்ணாம்பு போலவே பிடித்துக்கொண்டது.

"அண்ணே, இப்ப எது தண்ணி, எது பெட்ரோலு?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஏன் தம்பி இப்படி முழிக்கிற? மோந்து பாரு லா."

மோந்து பார்த்தேன். எல்லாமே முன்பு பெட்ரோல் இருந்த தகரங்கள். தண்ணீரும் பெட்ரோல் வாசனைதான் அடித்தது.

மறுநாள் காலை நான் வருவதற்குள், பீப்பாயில் இருந்த பெட்ரோலை அவர் காலித் தகரங்களில் பிடித்து வைத்துவிட்டார். எல்லாம் காலிதானா என்று கேட்டேன்.

"ஏறக்குறைய காலி" என்றார்.

அன்று பார்த்துத்தான் பந்து விளையாடும் திடலில் ஏரோப்ளேன் இறங்கியது. ஓட்டி வந்தவர் சிங்கப்பூரில் பொழுதுபோக்குக்காகப் பறக்கும் ஓர் இளம் வெள்ளைக்காரர். மேகத்தில் வழி தப்பி, ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே வந்து, எண்ணெய் தீரும் நேரத்தில் எங்கள் திடலைப் பார்த்திருக்கிறார். முதலில் தேநீர் கேட்டார். பிறகு பெட்ரோல் கேட்டார்.

"நம்ம லாரி பெட்ரோல் கொண்டா மேன்" என்றார் தோட்டத்தை நடத்தும் எங்கள் வெள்ளைக்காரத் துரை.

"லாரி பெட்ரோலு ஏரோப்ளேனுக்கு ஆகுமாங்க தொரை?"

துரை இங்கிலீஷில் கேட்டார். வந்தவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"ஆகும் சொல்றான். இதுவும் மோட்டார் இஞ்சின்தான். பெட்ரோல் சுத்தமா இருந்தா போதும்."

நான் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"லாரி மேட்டுல நின்னா எறங்கித் தள்ளுவோமுங்க. இவரு எங்க எறங்குவாரு?"

துரை இதையும் சொன்னார். இந்தத் தடவை வந்தவர் சிரிக்கவில்லை. பெட்ரோலில் என்ன கோளாறு என்று கேட்டார். விபூதி விவகாரத்தை நான் சொல்ல, துரை வெகு நேரம் விளக்கினார். வந்தவர் தகரங்களைப் பார்த்தார், பிட்டரின் நெற்றியைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார்.

ஒவ்வொரு தகரத்திலிருந்தும் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தேன். பெட்ரோல் சில்லென்று பறந்துவிடும், தண்ணீர் நிற்கும். முழுத் தண்ணீர்த் தகரங்களை அப்படி ஒதுக்கினேன். ஆனால் பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதக்கிற பொருள். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கும் அது தெரியும். மேலே பெட்ரோலாக இருக்கும் தகரத்தின் அடியில் எவ்வளவு தண்ணீர் என்பது பிட்டரின் 'ஏறக்குறைய'வைப் பொறுத்தது. இஞ்சினுக்குள் ஒரு வாய் தண்ணீர் போனால் நடுவானில் நின்றுவிடும்.

மெல்லிய தோலில் வடிகட்டினால் பெட்ரோல் இறங்கும், தண்ணீர் மேலேயே நிற்கும் என்றாராம் வந்தவர். அவருடைய தோல் சிங்கப்பூரில் இருந்தது. கனத்த கம்பளித் தொப்பியும் ஆகுமாம். இதைத் துரையின் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

துரை தொப்பியைக் கழற்றி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை.

தொப்பியைப் புனலில் வைத்து ஊற்றினோம். பெட்ரோல் இறங்கியது. கடைசியில் தொப்பிக்குள் ஒரு கை தண்ணீரும் துருவும் ஓர் எறும்பும் கொஞ்சம் சாம்பலும் நின்றன.

"பாத்தியா தம்பி? விபூதிதான் தண்ணிய மறிச்சிருக்கு" என்றார் பிட்டர்.

ஏரோப்ளேன் புறப்படும்போது பிட்டர் அதன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வெள்ளைக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழம் நசுங்கியது. ஏரோப்ளேன் துள்ளித் துள்ளி ஓடி, ரப்பர் மரங்களுக்கு மேலே ஏறிப் போய்விட்டது. சத்தம் தேய்ந்து, பிறகு நின்றது.

"அண்ணே, தூரமாப் போயி கேக்காமப் போச்சா, இல்ல நின்னே போச்சா?"

"லாரி போனாலும் அப்படித்தான கேக்காமப் போவுது?"

"லாரி திரும்பி வருமே."

அவர் நசுங்கிய எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கப் போனார்.

துரையிடம் கேட்கப் பயம். ஸ்டேஷனில் வருகிற ரயில் கார்டிடம் போய், தெற்கே எங்காவது ஏரோப்ளேன் விழுந்ததா என்று கேட்டேன்.

"ஏங்க, நீங்க ஒண்ணு சொல்லி வச்சிருந்தீங்களா?" என்றார்.

அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. என் மனைவி மட்டும், "எங்க, போலீஸ் இன்னைக்கும் வரலியா?" என்று சோறு போடும்போதெல்லாம் கேட்டாள்.

போலீஸ் வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து துரைக்கு ரயிலில் வட்டமான ஒரு பெட்டி வந்தது. லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் நான்தான் கொடுத்தேன். திறந்தார். புதுத் தொப்பி.

விழுந்து செத்தவன் தொப்பி வாங்கி அனுப்ப மாட்டான். அனுப்பிய பிறகு இன்னொரு தடவை பறந்து விழுந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெட்ரோல் என்னுடையதல்ல.

பழைய தொப்பியைத் துரை என்னிடம் கொடுத்துவிட்டார். அந்த நாற்றத்தோடு வீட்டுக்குள் வரக் கூடாது என்று மனைவி சொன்னதால் அது கொட்டகையிலேயே தங்கியது. அன்றிலிருந்து லாரிக்கும் தொப்பியில் வடித்துத்தான் ஊற்றினேன். லாரிக்கு எதற்கு இதெல்லாம் என்று டிரைவர் கேலி செய்வார். லாரியிலும் ஆள்தானே போகிறது?

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தியே தகரங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். பிட்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்ரோல் ஊறிய தொப்பியை ஸ்டூலின் மேல் வைத்து விபூதியால் மூன்று பட்டை இழுத்தார். பொட்டும் வைத்தார். பிறகு சூடத்தைக் கொளுத்திக்கொண்டு அதன் கிட்டே வந்தார்.

"அண்ணே, சூடத்த மட்டும் வெளியில நின்னு காட்டுங்க" என்றேன்.

வாசலுக்கு வெளியே நின்று காட்டினார். நான் மணல் வாளியைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டேன்.