இரும்பில்லாக் காந்தமும் வாப்பாவின் வெயிலும்

இரும்பில்லாமல் காந்தம் செய்வதுதான் என் ஆராய்ச்சி. காபன், ஐதரசன், நைதரசன் என்று கோத்து, உலோகமே கலக்காத தூளைக் காந்தமாக்க வேண்டும். சில தூள்கள் கடுங்குளிரில் கொஞ்சம் இணங்கும். என் தூள் எதற்கும் மசியவில்லை. மூன்று வருடம் போய்விட்டது. இந்த வருடமும் ஒன்றும் காட்டாவிட்டால் புலமைப்பரிசில் நின்றுவிடும்.

பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம் தொடங்கவே, கரும்பச்சைத் தூள் இருந்த குப்பியோடு எங்கள் கடலோர ஊரான குறிஞ்சிப்பிட்டிக்கு வந்தேன். குப்பியை வீட்டில் வைத்துவிட்டு, மதுரங்குளியில் மாமி வீட்டில் இரண்டு நாள் நின்றேன். திரும்பி வந்து, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைச் சும்மா குப்பியருகே பிடித்தேன். தூள் துள்ளிக் கண்ணாடியில் ஒட்டியது. நான் போட்ட கத்தலில் உம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

பேராசிரியருக்கு வீடியோ அனுப்பினேன். ஒரு சொல்லுக்கு மேல் எழுதாத மனிதர் நான்கு வரி எழுதினார். திங்கட்கிழமை ஸூமில் துறை முழுவதற்கும் நான் காட்ட வேண்டுமாம். கருவாட்டு வியாபாரியான வாப்பா அதற்குள் பாலாவி வரை செய்தியைக் கொண்டுபோய்விட்டார்.

பகல் சாப்பாட்டில் வாப்பா பெருமையோடு சொன்னார்: "குப்பிக்குள்ள ஈரமாக் கட்டிபட்டுக் கிடந்திச்சி மகள். நான்தான் கருவாட்டோட ரெண்டு நாள் வெயில்ல காயப்போட்டு எடுத்தன்."

நான் சோற்றை விட்டுவிட்டு எழுந்தேன். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று வாய்க்குள்ளும் மண் அள்ளிப் போடும் காலம். காந்தம் இழுக்கும் கருமணல் எங்கள் கடற்கரையில் உண்டு. தூளைக் கடதாசியில் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தினேன். மணல் காந்தத்தோடு ஓடியது. என் தூள் இருந்த இடத்திலேயே இருந்தது.

மறைத்தால் திங்கட்கிழமை மானம் போகும், சொன்னால் இன்றே போகும். பேராசிரியரை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டேன். வாப்பா முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். "ஸேர், புள்ளையில பிழ இல்ல. காயப்போட்டது நான்."

நான் ஸ்பீக்கரை நிறுத்திப் போனைக் காதில் வைத்தேன். பேராசிரியர் கேட்டார்: "மண்ணை எடுத்த பிறகு தூள் அசையுதா?"

"இல்ல ஸேர். அசையவே இல்ல," என்றேன்.

"அப்ப நீர் செய்த தூளில இரும்பு இல்லை. சுத்தமாச் செய்திருக்கிறீர். நடந்ததைத் திங்கட்கிழமை அப்படியே சொல்லும். புலமைப்பரிசிலுக்கு நான் கடிதம் எழுதுறன்."

மூன்று வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அன்றுதான், அதுவும் தூள் சும்மா கிடந்ததற்காக. விக்கி விக்கி அழுதேன்.

வாப்பா பயந்துபோனார். "என்ன மகள், ஏசிட்டாரா?"

"இல்ல வாப்பா. நல்லாச் செஞ்சிரிக்கேன் எண்டாரு."