சுந்தரவல்லியின் நஞ்சுக்கொடி

விற்றுத் தின்றாளாமே? எந்தக் கண் பார்த்தது? தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கிறபோதெல்லாம் இந்த வேலம்மா அதையேதான் ஓதுகிறாள். தி.நகரில் பிரசவ ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்த பேச்சியம்மாள், நஞ்சுக்கொடியை மந்திரவாதிக்குக் கொடுத்தாளாம். அப்படி விற்றவள் வீட்டுக் கூரை ஏன் இன்னும் ஒழுகுகிறது?

நடந்ததைக் கேளுங்கள். ஃப்ளாட்டில் இருக்கிறவர்களுக்குப் புதைக்க மண் ஏது? பிள்ளை பிறந்ததும் கொடியைப் பேச்சியிடமே கொடுத்துவிடுவார்கள். நாய் தோண்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று அவளும் அடையாற்றங்கரையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைப்பாள். இந்தக் குடிசைகளே பார்த்திருக்கின்றன. தொண்ணூற்றெட்டில் அந்தப் புதைப்பு நின்றுபோனது. வேலம்மாவுக்குக் கதை கட்ட அது போதாதா?

அந்த வருஷம்தான் கல்யாணராமன் என்று புது டாக்டர் வந்தார். பேச்சிக்கு விரல் முட்டியெல்லாம் வீங்கி, ஈரத்துணி பிழிய முடியவில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தாள். உன் ரத்தமே உன் மூட்டுகளை எதிரி என்று நினைத்துக் கடிக்கிறது, கொடியிலிருக்கும் இளம் செல்லை எடுத்து ஊசி போட்டால் அடங்கும், உனக்குச் சும்மாவே போடுகிறேன் என்றார். அவள் செய்ய வேண்டியது, கொடிகளை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு யாரிடமும் மூச்சு விடாமல் இருப்பது.

அங்கேயே அவளுக்கு உறுத்தியது. நல்ல மருந்துக்கு எதற்கு இத்தனை பூட்டு? கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்வாசலுக்கு ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்கள் யார்? குணமாச்சா என்று கேட்டால் ஒருத்தரும் முகம் பார்த்துப் பதில் சொல்லவில்லை. ஆனாலும் கை வலி யாரை விட்டது? பெட்டியில் வைத்தாள்தான். இல்லையென்று யார் சொன்னார்கள்?

மயிலாப்பூர் சுந்தரவல்லிக்குப் பிள்ளை பிறந்த மறுநாள், பேச்சிக்கு முதல் ஊசி. காலையில் அறை பெருக்கப் போனவளிடம் சுந்தரவல்லி கேட்டாள்.

"ஆயா, எங்காத்துக் கொடிய நாய் தோண்டாத எடமாப் பாத்துத்தானே பொதைச்சே?"

பேச்சி தலையை ஆட்டிவிட்டு வந்தாள். நேரே டாக்டர் அறைக்குப் போனாள்.

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"டாக்டரய்யா, இது அந்தப் பொண்ணோட கொடிதானே? ஒரு வார்த்த கேட்டுக்கினு போடுங்க."

"குப்பைக்குப் போறதுக்கு யாரைக் கேக்கணும்?"

"குப்பைன்னா கேக்கறதுக்கு இன்னா பயம்?"

"கேட்டா குடுக்க மாட்டாங்க. நீ கைய நீட்டு."

அவள் நீட்டவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்தாள். மிச்சம் கிடந்த கொடியைத் துணியில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். இந்தப் படி தாண்டினால் வேலையும் கிடையாது, ஊசியும் கிடையாது என்றார் அவர். தாழ்ப்பாளை நெம்ப விரல் மடங்கவில்லை. முழங்கையால் தட்டித் திறந்துகொண்டு தெருவில் இறங்கி, அடையாற்றங்கரைப் பக்கம் நடந்தாள்.