பதினாறு சப்போர்ட்டரும் ஒரு ஊக்கும்

புது எலாஸ்டிக்குக்குன்னு ஒரு வாசம் உண்டு. அது மிஷின் எண்ணெய் வாசத்தோட சேர்ந்தா தலைவலியே வந்துரும்... எனக்கு இப்பவும் அந்த வாசம் அடிச்சா, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மாடியில இருந்த டெய்லர் கடைதான் ஞாபகம் வரும்.

பிளஸ் டூ முடிச்சிட்டு அங்க வேலைக்குச் சேர்ந்தேன். காஜா எடுக்கணும், பட்டன் தைக்கணும், அவ்வளவுதான். முதலாளி ஜெபமணி அண்ணாச்சி மிஷின்ல உக்கார விடமாட்டார்.

ஒருநாள் ஹாக்கி டீம் கேப்டன் ஒரு பொட்டலத்தோட வந்தார். பேப்பர்ல சுத்தி, அதுக்கு மேல கவர், அதுக்கும் மேல மஞ்சப்பை.

உள்ள ஒரு பழைய சப்போர்ட்டர். ஆம்பளைங்க விளையாடும்போது ஷார்ட்ஸுக்குள்ள போடுவாங்களே, அதான். இடுப்புக்கு அகல எலாஸ்டிக், முன்னால பனியன் துணி, பின்னால ரெண்டு பட்டி. ஓடும்போது ஆடாம பிடிச்சுக்கிடும். டீமுக்குப் பதினாறு வேணும்னார்.

அவர் போனதும் அண்ணாச்சி சொன்னார். "இது ஒண்ணும் புதுசில்லம்மா. பயில்வான்க லங்கோடு கட்டித்தான் குஸ்தி போட்டாவ. வெள்ளைக்காரன் அதுல எலாஸ்டிக்க வச்சான், அம்புட்டுத்தான்."

இப்ப போன்ல தேடிப் பார்த்தேன். கல்லு ரோட்டுல சைக்கிள் மிதிச்சவங்களுக்காக அமெரிக்காவுல முதல்ல செஞ்சாங்களாம். நம்ம ரோட்டுக்கும் பொருந்தும்.

கல்யாண சீசன், அண்ணாச்சிக்கு வேலை குவிஞ்சு கெடந்தது. "நீயே தச்சிரு. சரியா வந்தா மிஷின் ஒனக்குத்தான்"னுட்டார்.

பழசை விரிச்சு டேப் வச்சு அளந்தேன். அதே நீளத்துக்குப் புது எலாஸ்டிக்கை வெட்டினேன். வருஷக்கணக்கா துவைச்சதுல பழைய எலாஸ்டிக் செத்து நீண்டு கெடக்குன்னு என் மண்டையில ஏறவே இல்ல. பதினாறும் தொளதொளன்னு வந்திருக்கு. நான் எங்க போட்டுப் பாக்க...

ஒரு வாரம் கழிச்சு கேப்டன் வந்தார். "எப்படிப்பா இருக்கு? இந்தப் புள்ளதான் தச்சுது"ன்னார் அண்ணாச்சி. கேப்டன் என்னைப் பார்த்தார், அப்புறம் சுவத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி."

மிஷின் எனக்கு வந்துருச்சு.

அந்த மாசமே ஒரு டோர்னமென்ட் ஃபைனல். எங்க தெருவே கிரவுண்டுக்குப் போச்சு, நானும் போனேன். அந்த டீமுக்கு சென்டர் ஃபார்வர்டு செல்வம் அண்ணன். அவரை எடுக்கலாமான்னு பாக்க ஒரு கம்பெனி டீம்ல இருந்து ஆள் வந்திருந்தாங்க. எடுத்தா வேலை நிச்சயம்.

கடைசி நிமிஷம். பந்தோட தனியா போறார். முன்னால கோல்கீப்பர் மட்டும்தான்...

சட்டுன்னு நின்னுட்டார். கை இடுப்புல. பந்து தானா உருண்டு வெளிய போச்சு.

"ஏலே, என்னல ஆச்சு?"ன்னு ஊரே கேட்டுது.

"சுளுக்கிருச்சு"ன்னார். கம்பெனிக்காரங்க வேற பையனை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

பத்து நாள் கழிச்சு செல்வம் அண்ணனே கடைக்கு வந்தார். "இதே மாதிரி இன்னொண்ணு வேணும்"னு வாசல்ல நின்னே பொட்டலத்தை நீட்டிட்டுப் போயிட்டார். பிரிச்சா, நான் தச்சது. இடுப்புப் பட்டியை மூணு விரல் மடிச்சு ஊக்கு குத்தியிருந்தது. ஊக்கு திறந்து வளைஞ்சு கெடந்தது. பக்கத்துல துவைச்சும் போகாத ரத்தக்கறை.

அண்ணாச்சிகிட்ட சொன்னா மிஷின் போயிரும். சொல்லல. மூணு விரல் குறைச்சு வெட்டித் தச்சேன். நான் செஞ்ச நியாயம் அவ்வளவுதான்.

இப்ப என் பொண்ணு ஹாக்கி விளையாடுறா. பந்து பட்டா அடிபடாம இருக்க, பொம்பளைப் பிள்ளைங்களுக்குன்னே உள்ள போடுற கார்டு வருது. போன மாசம் கடையில அத்தனை பேர் முன்னாடி, "அண்ணே, இது லூசு. தொடையில உரசுது, வேற காட்டுங்க"ன்னு சொல்றா. எனக்குத்தான் முகத்தை எங்க வைக்கன்னு தெரியல. அப்புறம் பொறாமையா இருந்துச்சு.

போன ஞாயித்துக்கிழமை கிரவுண்டுல செல்வம் அண்ணனைப் பார்த்தேன். எட்டயபுரம் ரோட்டுல உரக்கடை வச்சிருக்கார், மகனைக் கொண்டுவிட வந்திருந்தார். மனசைத் திடப்படுத்திக்கிட்டுக் கேட்டேன்.

"அண்ணே... அந்த ஃபைனல்ல ஏன் நின்னீங்க?"

பையில இருந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

"சுளுக்குதாம்மா."

கிளம்பும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு, முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"ரெண்டாவது தச்சியளே... அது கரெக்டா இருந்துச்சு."