எந்த ஊரைச் சேர்ப்பார்கள்

கல்யாணமான புதிதில் நாங்கள் எந்த ஊரில் குடித்தனம் வைப்பது என்பது வேலூர் புட்பால் லீக் கமிட்டியின் கையில் இருந்தது. இன்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் குடியாத்தத்தில் மிஷன் பள்ளிக்கூடமொன்றில் சின்ன வகுப்பு டீச்சர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் வேலை. பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு, எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. அதனால் வியாழன் சாயங்காலம் ரயிலேறி வருவார். மறுநாள் முழுக்க நான் பாடம் நடத்திக்கொண்டிருக்க, அவர் அறை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பார். ஜன்னல் வழியாக அது தெரியும். சனிக்கிழமை முதல் வண்டிக்குப் போய்விடுவார். வெள்ளிக்கிழமை ஆட்டம் இருந்தால் அந்த வாரம் வரவே மாட்டார்.

ஆம்பூர் டீமில் வலது ஓரத்தில் ஆடுபவர் அவர். செருப்பில்லாத காலோடு கோட்டை ஒட்டி ஓடுவார். நிற்கத் தெரியாத மனுஷன் என்று கல்யாணத்துக்கு முன்பே என் அண்ணன் சொல்லியிருந்தான். ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

அப்போது லீக்கில் நாலு டீம்தான், ஆம்பூர் அதில் இல்லை. வேலூர்க் கோட்டை மைதானத்தில் ஆடுவார்கள். கூட்டம் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டு போனதால், புதிதாக ஓரிரண்டு ஊரைச் சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை கொடுத்து டீமில் வைத்துக்கொள்கிற பழக்கமும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. லீக்கில் இருந்த காட்பாடி ரயில்வே டீம்காரர்கள் இவரைக் கூப்பிட்டு, வந்தால் கூட்ஸ் ஷெட்டில் வேலை உண்டு என்று சொல்லியிருந்தார்கள். ஷாப்பு முதலாளியோ, ஆம்பூரை லீக்கில் சேர்த்தால் உனக்கு வீடு தருகிறேன், பெண்சாதியை அழைத்துக்கொள் என்றிருந்தார். ஆம்பூர் வந்தால் ஆம்பூர், வராவிட்டால் காட்பாடி. எங்கள் வாழ்க்கை அந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய தோஸ்த் ஒருவரும் வந்திருந்தார். அதே ஷாப்பில் தோல் பதனிடுகிற ஆவாரம் பட்டைக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர், டீமில் கோல் கீப்பர். நல்ல உயரம், பேச்சு நிதானம். நான் பாய் என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அடுப்பு மூட்ட, அவர்கள் வாசலில் உட்கார்ந்து ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆற்காடு வராதுப்பா," என்றார் பாய். "ரயில் எங்க இருக்குது? பஸ் புடிச்சு வந்து ஆடிட்டு, அவன் எப்ப வீடு போய்ச் சேருவான்?"

"வாணியம்பாடி?" என்று கேட்டார் இவர்.

"அது வந்துடும். கிரவுண்டு இருக்குது, செலவு பண்ண ஆளும் இருக்குது."

"அப்ப மிச்சம் ஒரு எடம். ஆம்பூரா திருப்பத்தூரா."

நான் அடுப்படியிலிருந்து சொன்னேன், "குடியாத்தத்தை ஏன் விட்டுட்டீங்க? பசங்க தெனம் சாயங்காலம் ஆத்து மணல்ல ஆட்றாங்களே."

"மணல்ல ஆட்றது வேற," என்றார் இவர்.

"இங்க வந்துட்டா நீங்களும் இங்கயே ஆடலாம் இல்ல? உங்களுக்கும் அலைச்சல் இல்ல."

"இங்க எனக்கு இன்னா வேலை? தறியில உக்காரச் சொல்றியா?"

பாய் சிரித்தார். இவர் எழுந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் சொன்னது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் சோறு போட்டேன்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு ஊர். ஒரு வாரம் திருப்பத்தூர் நிச்சயம் என்பார். அடுத்த வாரம், கமிட்டிக்காரர் ஒருவர் ஆம்பூரில் ரயிலை விட்டு இறங்கி மைதானப் பக்கம் போனதைப் பார்த்தவன் இருக்கிறான் என்பார். அவர் பிரியாணி சாப்பிட இறங்கினாரோ, பந்தாட்டத்துக்கு இறங்கினாரோ, யாருக்குத் தெரியும்? ஆம்பூர் என்று கேட்ட வாரம் நான் பெட்டியில் துணிகளை அடுக்குவேன். இல்லை என்று கேட்ட வாரம் எடுத்து வெளியே வைப்பேன். ஒரு நாள் ஆவன்னாவுக்குப் பலகையில் 'ஆம்பூர்' என்று எழுதிவிட்டேன். பிள்ளைகள் ராகம் போட்டு ஆம்பூர், ஆம்பூர் என்று படித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

பெரிய டீச்சரம்மா அன்றே கூப்பிட்டார். "அடுத்த வருஷத்துக்கு ஆள் பார்க்கணும். நீ இருக்கியாம்மா, போறியா?"

"அவர் வேலை விஷயம் இன்னும் முடிவாகலைங்க."

"எப்ப முடிவாகும்?"

கமிட்டி கூடினால் என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

கடைசியில் கமிட்டிக்காரர்கள் ஆம்பூர் மைதானத்தைப் பார்க்க வருவதாகவும், அன்று வேலூர் டீமொன்றோடு ஆட்டம் என்றும் தெரிந்தது. லீவு சொல்லிவிட்டு நானும் ரயிலேறிப் போனேன். அவர் ஆடி நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. வீட்டு வாசலில் என்னைப் பாடாய்ப்படுத்திய அதே கால்கள், அங்கே கோட்டோரமாக ஓடியபோது அத்தனை பேரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். நானும்தான். ஆனால் முந்தின வார மழை மைதானத்தின் ஒரு பாதியில் தேங்கிக் கிடந்தது. பந்து போய் அதில் நின்றுவிடும். கமிட்டிப் பெரியவர்கள் டீ குடித்தார்கள், தண்ணீரைக் குச்சியால் ஆழம் பார்த்தார்கள், வண்டியேறிப் போய்விட்டார்கள். ஆட்டத்தில் ஜெயித்தது ஆம்பூர்தான்.

அந்த வருஷம் வாணியம்பாடியை மட்டும் சேர்த்தார்கள். மற்ற ஊர்களை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சேதி சொல்ல இருவரும் சேர்ந்து வந்தார்கள். "ஒரு வருஷம் பொறுத்துக்கலாம்ப்பா," என்றார் பாய். "மண்ணு கொட்டி மேடாக்கிட்டா நம்மளை எப்படி வேணாம்னு சொல்லுவாங்க?"

"என்னால முடியாது," என்றார் இவர்.

"என்னாலயும் முடியாது பாய்," என்றேன் நான்.

பாய் எங்கள் இருவரையும் பார்த்தார். அதற்கு மேல் கட்டாயப்படுத்தவில்லை. அந்த மாதமே இவர் காட்பாடி கூட்ஸ் ஷெட்டில் சேர்ந்தார். எனக்கு அங்கே வேறொரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடு. வண்டி போகும்போதெல்லாம் அலமாரியில் பாத்திரங்கள் ஆடும்.

மறு வருஷம் ஆம்பூரைச் சேர்த்தார்கள். மைதானத்தில் மண் கொட்டி மேடாக்கியிருந்தார்களாம்.

கோட்டை மைதானத்தில் காட்பாடியும் ஆம்பூரும் மோதிய அன்று, பக்கத்து வீட்டு அம்மாளை அழைத்துக்கொண்டு போனேன். ஜட்காவில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனோம். யார் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கே புரியவில்லை. பாதி ஆட்டத்துக்குப் பிறகு இவர் ஓரமாகவே ஓடி இரண்டு பேரைத் தாண்டினார். எதிரில் பாய் மட்டும். இவர் ஒரு கணம் தயங்கினார் என்று எனக்குத் தோன்றியது. அப்படி ஒன்றும் இல்லை என்று கடைசிவரை சாதித்தார். பந்து பாயின் கைக்கு எட்டாமல் உள்ளே போயிற்று. அவர் அதை எடுத்து, இவரைப் பார்க்காமலே நடுவுக்கு உதைத்தார்.

ஆட்டம் முடிந்ததும் பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இன்னாப்பா, ஆம்பூருக்குத் திரும்பி வர்றியா? முதலாளி கேக்கச் சொன்னாரு. அந்த வீடு அப்படியே இருக்குது."

இவர் என் முகத்தைப் பார்த்தார்.

"வேணாம் பாய்," என்றேன். "இன்னொரு தடவை பெட்டி கட்ட என்னால ஆவாது."

"நியாயம்தான் தங்கச்சி." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்குத்தான் பேஜாரா இருக்குது. எதிர்ல இவன் ஓடியாந்தா எந்தப் பக்கம் பாயறதுன்னு தெரியல."

வீடு திரும்பும்போது இவர் ஜட்காவின் பின்பக்கம் பார்த்தே உட்கார்ந்திருந்தார். ஏக்கத்தில் இருக்கிறார், நாளைக்கே ஆம்பூர் என்று நிற்பார் என்று பயந்துகொண்டே வந்தேன். மறுநாள் ஷெட்டிலிருந்து வந்து, காலைக் கழுவிக்கொண்டு, முருங்கைக்குப் பாத்தி கட்டினார். அதற்கடுத்த நாளும் அப்படியே. எந்த ஊரைச் சேர்ப்பார்கள் என்று அவர் கேட்பதே நின்றுபோயிற்று. எப்படி நின்றது என்று எனக்கு இன்றும் தெரியாது.

நின்றது அவருக்குத்தான். வீட்டு வேலை முடிந்ததும் நான் ஸ்டேஷன் பக்கம் போவேன். வாணியம்பாடியிலிருந்து வருகிறவர்களிடமும் அரக்கோணத்திலிருந்து வருகிறவர்களிடமும், உங்க பக்கத்துல புதுசா டீம் எதாவது கிளம்புதா என்று கேட்பேன். ஒரு டீச்சர் கேட்கிற கேள்வியா இது என்று பார்ப்பார்கள். அரக்கோணம் நிச்சயம் என்று அவரிடம் வந்து சொல்வேன். "வந்தா வரட்டும்மா, கொஞ்ச நேரம் உக்காரு," என்பார்.

உட்காருவேன். அடுத்த வண்டி சத்தம் கேட்கிறவரை.