கனகசெட்டிக்குளத்துக்குப் போவதா வேண்டாமா

அக்கா நகராட்சித் தலைவர் பதவிக்கு நின்றபோது எங்கள் வீட்டில் இரண்டு வாரம் ஒரே சண்டைதான் ஓடியது. கனகசெட்டிக்குளத்துக்கு ஓட்டுக் கேட்கப் போவதா, வேண்டாமா என்ற சண்டை. நான் போக வேண்டும் என்ற கட்சி. அந்தக் கட்சியில் என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது.

புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் என்பது நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தடவை நடந்ததாகச் சொல்வார்கள். அப்புறம் அதை எல்லாரும் மறந்தே போனார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, ஒருவழியாக மறுபடி தேர்தல் என்று அறிவித்தபோது எப்படி நிற்பது, எப்படிக் கேட்பது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. லாஸ்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் பால்வாடி டீச்சர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் அவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அவளும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி முடித்துக் கொடுப்பாள்.

பால்வாடி வேலையில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்கக் கூடாது என்றார்கள். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு நின்றாள். அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, வேலை பார்த்த மில்லை மூடி வருஷக்கணக்காகியிருந்தது. அவர் ஒரு கடையில் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். வீடு நடந்தது அக்கா சம்பளத்தில். ஜெயித்தால் தப்பித்தோம், தோற்றால் விட்ட வேலை திரும்பக் கிடைக்காது. நான் ராத்திரியெல்லாம் இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருப்பேன். அவளோ ஒன்றும் நடக்காதது போல இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருப்பாள். சுயேச்சைக்குச் சின்னமாகச் சீப்பு ஒதுக்கினார்கள். மாமாவுக்கு நல்ல வழுக்கை. அவர் அட்டையில் வெட்டிய பெரிய சீப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் எங்கள் பகுதியில் இல்லை.

எங்களுக்கு யோசனை சொல்ல ஒரு சார் இருந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். மகன் அமெரிக்காவில். அங்கே போய்ப் பல மாதம் தங்கியிருந்த சமயத்தில் அந்த ஊர் ஜனாதிபதித் தேர்தலை டிவியில் பார்த்துவிட்டு வந்திருந்தார். நான் கனகசெட்டிக்குளம் என்று வாயெடுத்தாலே அமெரிக்காவைக் கொண்டுவந்து நடுவில் போடுவார்.

"ஜனாதிபதிக்கு நிக்கிறவனே எல்லா மாநிலத்துக்கும் போறதில்லம்மா. என் பையன் இருக்கிற மாநிலத்த ரெண்டு பேருமே எட்டிப் பாக்கல. அது யாருக்குன்னு முன்னாடியே முடிவான எடம். எந்த மாநிலம் ஊசலாடுதோ அங்கதான் போயி விழுந்து கெடக்குறாங்க."

"கனகசெட்டிக்குளம் ஊசலாடலன்னு ஒங்களுக்கு யாரு சார் சொன்னது?"

"மீனவர் கிராமம்மா அது. ஊர்ப் பஞ்சாயத்து என்னா சொல்லுதோ அதான் மொத்த ஊருக்கும் ஓட்டு. லாஸ்பேட்டைக்காரிக்கா போடுவாங்க? ஏரோப்ளேன் வச்சிருக்கிறவனே யோசிச்சி யோசிச்சி போறான். நம்மகிட்ட இருக்கிறது ஒரு ஆட்டோ."

அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் எனக்குத் தென்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. நகராட்சியின் வடக்கு மூலையில், தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கிற ஊர். போய்வர ஒரு பொழுது போய்விடும். ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று சாருக்குத் தெரியாது. அக்காவின் முதல் வேலையே அந்த ஊர் பால்வாடியில்தான். கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிப் பல வருஷம் பஸ் ஏறிப் போய்வந்தாள். அவள் சோறு ஊட்டி மூக்குச் சிந்திவிட்ட பிள்ளைகளுக்கு இப்போது ஓட்டு வந்திருக்கும்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் முகம் சுருங்கிப் போனது.

"சோறு போட்டதுக்குக் கூலியா ஓட்டு கேக்கச் சொல்றியா?"

"அது கவர்மெண்டு சோறு. நீயா ஒல வச்சே?"

"அதத்தான்டி நானும் சொல்றேன். என் சோறா இருந்தாலாவது கேக்கலாம். போயி நின்னா அந்தப் பசங்களுக்கும் தர்மசங்கடம். ஊருக்குப் பயந்துகிட்டு மூஞ்சியத் திருப்பிக்குவானுவ. அதப் பாக்குற தெம்பு எனக்கு இல்ல."

இதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. எனக்கோ ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. நான் வேலை பார்த்த கிளினிக்கில் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரே தெருவுக்கு மூன்றாம் முறை நோட்டீஸ் கொடுக்கப் போனபோது, ஒரு வீட்டம்மா கதவைத் திறக்காமலே, "சீப்புதான, தெரியும் போ" என்றார். தெரிந்தவர்களிடமே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தோம். ராத்திரி படுத்தால் அந்த அட்டைச் சீப்புதான் கண்ணுக்குள் வந்து நின்றது.

கடைசி நாள் மாலை ஐந்து மணியோடு பிரச்சாரம் முடிகிறது. அன்று காலை, எங்களுக்கு நிச்சயம் என்று சார் எழுதி வைத்திருந்த தெருவில் அக்கா ஒவ்வொரு வீடாகக் கும்பிட்டுக்கொண்டு போனாள். எல்லாரும் சிரித்தார்கள், உனக்கில்லாமல் யாருக்கு என்றார்கள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தால் எங்களுக்குப் பின்னாலேயே வந்த இன்னொரு வேட்பாளரிடமும் அதே வாசல்களில் அதே சிரிப்பு. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, "கனகசெட்டிக்குளம் போலாம்" என்றாள். நான் சாருக்குச் சொல்லக்கூட நிற்கவில்லை.

கோட்டக்குப்பம் வந்ததும் ஆட்டோக்காரர் மைக்கை அணைத்தார். அங்கிருந்து கொஞ்ச தூரம் தமிழ்நாடு. அங்கே எங்களுக்கு ஓட்டும் கிடையாது, மைக் போட அனுமதியும் கிடையாது. காலாப்பட்டு வந்தால்தான் மறுபடி நம் ஊர். காலையிலிருந்து காதைக் கிழித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் எனக்குப் படபடவென்று வந்தது. ஆட்டோவை நான் ஓட்டினால் இன்னும் சீக்கிரம் போகும் என்று தோன்றியது.

"போயி என்னான்னுடி கேப்பேன்?" என்றாள் அக்கா.

"ஓட்டு போடுங்கன்னு கேளு. இதுக்கு ஒத்திகையா பாப்பாங்க?"

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக வந்தாள். கனகசெட்டிக்குளம் வந்தும் மைக்கைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஊருக்குள் இறங்கிய உடனே, கடைவாசலில் நின்ற ஓர் இளைஞன் கையிலிருந்த டீயை வைத்துவிட்டு ஓடிவந்தான். "டீச்சர்" என்றான். தாடியும் மீசையுமாக இருந்தான். அக்கா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீ மஞ்சக்கருவத் துப்புறவன்தான?"

அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அதற்குள் இன்னும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவன் குடிக்கக் கலர் வாங்க ஓடினான். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். சாரின் அமெரிக்காவுக்கு என்ன பதில் சொல்லலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

பையன்கள் எங்களைக் கோயில் பக்கம் அழைத்துப் போனார்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரில் மூத்தவர் அங்கே இருந்தார். எழுந்து நின்று, நாற்காலி போடச் சொல்லி, அக்கா உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

"ஏன் டீச்சரம்மா இவ்ளோ லேட்டு?" என்றார்.

அக்கா பையன் நீட்டிய கலரைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"முந்தாநாளு வரைக்கும் ஊருல யாருக்கும் வாக்கு குடுக்கல. மத்தவங்க ரெண்டு மூணு தபா வந்துட்டுப் போனாங்க. இந்தப் பசங்கதான் வுடல. டீச்சர் நிக்குறாங்க, கட்டாயம் வருவாங்க, வந்து கேக்கட்டும், அதுவரைக்கும் பொறுங்கன்னு ஒத்தக் கால்ல நின்னானுவ. நாங்களும் பொறுத்துப் பாத்தோம். நீங்க வரல. சரி, நம்ம ஓட்டு அவங்களுக்கு வாணாம் போலன்னு நேத்துதான் கூடிப் பேசி ஒருத்தருக்குக் குடுத்துட்டோம்."

"இப்ப வந்துட்டாங்களே. மாத்திக்கக் கூடாதா?" என்று நான் குறுக்கே விழுந்தேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

"குடுத்தது குடுத்ததும்மா" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

தாடிக்காரப் பையன் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். தலையைத் தூக்காமல் கேட்டான். "நாங்க போட மாட்டோம்னு நெனச்சிட்டீங்களா டீச்சர்?"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். கலரை முழுதாகக் குடித்தாள், பிள்ளைகள் ஒவ்வொருவரையும் என்ன செய்கிறாய் என்று விசாரித்தாள், பெரியவரைக் கும்பிட்டுவிட்டு எழுந்தாள். கடைசிவரை ஓட்டு என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. திரும்பும் வழியில் எங்கேயோ ஐந்து மணி ஆகிவிட்டது.

தோற்றோம். அந்த ஊர் ஓட்டு வந்திருந்தால் போதும், அவ்வளவுதான் வித்தியாசம். சார் எங்கள் வீட்டுக்கு வந்து, அக்கா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அவர் போன பிறகு நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"சொல்லிடு. சொல்லலன்னா ஒனக்குச் சோறு எறங்காது" என்றாள் அக்கா.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றேன். சொல்லி முடித்ததும் அழுகைதான் வந்தது.

மாமா ராத்திரிக் காவலோடு பகல் காவலையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். அக்கா வீட்டில் இருந்தாள். பால்வாடிக்கு வேறு டீச்சரைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு கடைக்குப் போவாள். அவள் இப்படி ஒடுங்கிப்போனதை என்னால் பார்க்க முடியவில்லை. கிளினிக்கில் கேட்கிறேன், துணிக்கடையில் கேட்கிறேன் என்று நான் பறந்துகொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது நல்ல புடவை கட்டிக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றாள்.

"கனகசெட்டிக்குளத்துல வுட்டுடுறியா?"

"அங்க எதுக்கு? எல்லாம் முடிஞ்சி போச்சே."

"விடியுறதுக்குள்ள பொம்பளைங்க மீனு விக்கக் கெளம்பிடுறாங்க. கைக்கொழந்தைங்கள வச்சிக்க ஆளு இல்ல, பெரிய பிள்ளைங்கதான் பள்ளிக்கொடம் போவாம பாத்துக்குதுங்களாம். அன்னிக்கு விசாரிச்சப்ப சொன்னானுவ. கொழந்தைங்கள நான் பாத்துக்குறேன், ஊரா சேந்து எனக்கு ஒரு வேல குடுங்கன்னு கேக்கப் போறேன்."

"சாயந்தரம் லீவு சொல்லிட்டு வரேன், நிதானமா போலாம்" என்றேன்.

"வாணாம்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "இந்தத் தடவயாவது அவங்களக் காக்க வைக்கக் கூடாது. வண்டிய எடு."