சிலேட்டில் இருபது

இது நடந்தது. இடம் காட்டுப்பாக்கம். நாள் 1938 பிப்ரவரி 11, வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து ஐம்பதிலிருந்து ஏழு நாற்பத்தெட்டு வரை. பட்டறைச் சுவரில் கடிகாரம் இருந்ததால் நிமிஷம் தப்பாமல் சொல்ல முடிகிறது. நான் குடிப்பதில்லை. அன்று காய்ச்சலும் இல்லை. பேய் பிசாசு பேசுகிற குடும்பத்தில் பிறந்தவனும் இல்லை. என் அப்பா அரக்கோணம் ரயில் பட்டறையில் ஃபிட்டர். எதையும் சுத்தியலால் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். நம்பாதவர்கள் இத்தோடு பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு வருத்தமில்லை. இந்தக் கதையில் எனக்குப் பெருமை தரும் விஷயம் ஒன்றுகூடக் கிடையாது.

அந்த வருஷம் ஜனவரியில் ஒரு துரையிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பங்களாவுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் ஒரு பச்சை நிற கார். இரண்டு பேர் உட்காரும் பந்தய வண்டி. திங்கள் முதல் வெள்ளி வரை துணி போர்த்திக்கொண்டு தூங்கும். சனி, ஞாயிறு மட்டும் துரை எடுத்து விரட்டுவார். பூந்தமல்லி தாண்டி, நசரத்பேட்டையிலிருந்து திருமழிசை வரை ரோடு நேராக இருக்கும். அவரும் அவருடைய சிநேகிதர்களும் அங்கேதான் விடியற்காலையில் பந்தயம் விடுவார்கள்.

போன வருஷப் பந்தயத்தில் வேறொரு துரையின் வண்டி ஜெயித்துவிட்டது. அதில் எஞ்சினுக்குள் காற்றை அடித்துத் திணிக்கிற பம்பு உண்டு. நம் துரைக்கு அது அவமானம். “பம்பு வேண்டாம். என் எஞ்சின் தானாகவே மூச்சு இழுக்க வேண்டும். அப்படியே ஜெயிக்க வேண்டும்” என்றார். அதற்கு என்னென்ன செய்யலாம் என்று திட்டம் போட்டு, சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் கொண்டுவரச் சொன்னார். என்னிடமும் கேட்டார், கூட வேலை செய்த சம்பத்திடமும் கேட்டார். யார் திட்டம் பிடிக்கிறதோ அவன் தலைமை மிஸ்திரி. குடியிருக்கப் பங்களாத் தோட்டத்தில் ஓட்டு வீடு. நான் அப்போது மனைவி, கைக்குழந்தையோடு கரையான்சாவடியில் ஒழுகுகிற குடிசையில் இருந்தேன். அந்த வீட்டை நினைத்து நினைத்தே அந்த வாரம் எனக்குத் தூக்கம் இல்லை.

ஒரு நிபந்தனை உண்டு. எஞ்சினில் கை வைத்தவன் பந்தயத்தில் துரைக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். “அவன் உட்கார்ந்தால்தான் ஒழுங்காக வேலை செய்வான்” என்பது துரையின் கணக்கு.

காற்று போகிற வழியை அகலமாக்கி வழவழவென்று தேய்ப்பது, இரண்டு கார்புரேட்டர் மாட்டுவது, வால்வு ஸ்பிரிங்கை முரடாகப் போடுவது, எல்லாம் எனக்குத் தெரிந்த வேலைதான். சூட்சுமம் ஒரே இடத்தில் இருந்தது. எஞ்சினுக்கு மேல்மூடி மாதிரி உட்காரும் சிலிண்டர் ஹெட்டைச் சீவ வேண்டும். சீவினால் உள்ளே அழுத்தம் ஏறும், வேகம் ஏறும். அதிகம் சீவினால் மேலே இருக்கிற வால்வு, கீழிருந்து ஏறி வரும் பிஸ்டனில் இடிக்கும். இடித்தால் எஞ்சின் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும். வண்டி எண்பது மைலில் போகும்போது பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு சீவலாம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பங்களாச் சமையல்காரி ராஜம்மா சொன்னாள்.

“உனுக்கு முன்னாடி அருள்தாஸ்னு ஒருத்தரு இருந்தாரு தம்பி. எங்கிட்ட ரொட்டி மாவு ஒரு உருண்ட வாங்கிகினு போவாரு. எஞ்சினுக்குள்ள வச்சி மூடி, திறந்து, கத்தியால வெட்டிப் பாப்பாரு.”

“இப்ப எங்க அவரு?”

“பம்பாய்க்குப் போயிட்டாருன்னு தொர சொன்னாரு.” அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

யோசனை எனக்குப் பிடித்திருந்தது. பிஸ்டன் தலையில் மாவை வைத்து, ஹெட்டை மூடி, எஞ்சினைச் சுழற்றும் ஹேண்டிலைக் கையால் சுற்றினால் வால்வு மாவில் பதியும். பதிந்த இடத்தில் மாவு எவ்வளவு கனமோ அவ்வளவுதான் இடைவெளி. சம்பத்தும் வியாழக்கிழமையே இப்படித்தான் அளந்தான் என்று அப்புறம் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை 5.50. மாவை வைத்தேன். மூடினேன். சுற்றினேன். அதற்குள் ராஜம்மா டீக்குக் கூப்பிட்டாள். போய்க் குடித்துவிட்டு, அவளுடைய மகன் கல்யாணப் பேச்சையும் கேட்டுவிட்டு வந்தேன். 6.35. ஹெட்டைக் கழற்றி மாவை வெட்டி அளந்தேன். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்குப் பட்டறையில் ‘தௌ’ என்று பெயர். மாவு நூற்று நாற்பது தௌ இருந்தது. வண்டி வேகத்தில் போகும்போது இடிக்காமலிருக்க அறுபது வேண்டும். மிச்சம் எண்பது. எண்பது சீவலாம்! ஓட்டு வீட்டுக் கதவே திறந்த மாதிரி இருந்தது.

சிலேட்டில் ‘80’ என்று பெரிதாக எழுதினேன். பெட்ரோமாக்ஸைக் கொளுத்தினேன். கைகழுவக் குழாயடிக்குப் போனேன்.

6.58. திரும்பி வந்தேன்.

சிலேட்டில் ‘20’ என்று இருந்தது.

சம்பத் வேலை. வேறு யார்? வெளியே வந்து பார்த்தேன். கேட்டில் காவல்காரர் துலுக்கானம் மட்டும் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“சம்பத் வந்தானா?”

“அவன் அப்பவே ஊட்டுக்குப் போயிட்டான் நைனா. இன்னா, மொகம் ஒரு மாதிரி கீது?”

ஒன்றுமில்லை என்றேன். உள்ளே வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். சிலேட்டை அழித்து மறுபடி ‘80’ எழுதினேன். சம்பத் குழப்பப் பார்க்கிறான், ஏமாறக் கூடாது, இன்னொரு தரம் அளந்துவிடலாம் என்று புது மாவு எடுத்து வைத்தேன். ஹெட்டை மூடி நட்டுகளை முடுக்கினேன். ஸ்பார்க் பிளக்குகளை மாட்டவில்லை. நான்கு துளைகளும் திறந்து கிடந்தன. அப்படியிருந்தால் உள்ளே காற்று அடையாது. ஹேண்டில் ஒரு குழந்தை சுற்றினாலும் சுற்றும்.

7.20. ஹேண்டிலைப் பிடித்து இழுத்தேன்.

நகரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தேன். அரைச் சுற்று வந்தது. எதிர்ப்பக்கம் ஒருவன் பிடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளுகிற மாதிரி... மெதுவாக, பலமாக, திரும்பிப் போனது.

கையை எடுத்துவிட்டேன்.

ஹேண்டில் தானாக ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றது.

7.31. நட்டுகளைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை. ஓடியிருக்கலாம். பதினான்கு வயதிலிருந்து கற்ற வேலை. மூடினதைத் திறக்காமல் போகக் கை விடவில்லை. ஹெட்டைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். குனிந்து உள்ளே பார்த்தேன்.

மாவு காகிதம் மாதிரி நசுங்கியிருந்தது.

அதன் நடுவில் வால்வின் வட்டம் இல்லை.

ஒரு கட்டைவிரல் ரேகை.

என் விரலை வைத்துப் பார்த்தேன். என்னுடையது இல்லை. பெரியது.

7.40. சத்தம் கேட்டது.

ஸ்ஸ்ஸ்...

பெட்ரோமாக்ஸ் என்று நினைத்தேன். விளக்கின் சத்தம் நிற்காமல் வரும். இது விட்டு விட்டு வந்தது.

ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

மேசைமேல் கழற்றி வைத்த ஹெட்டிலிருந்து. அதோடு ஒட்டியிருந்த கார்புரேட்டரின் வாயிலிருந்து.

எஞ்சின் இல்லை. பிஸ்டன் இல்லை. வெறும் இரும்பு.

அது மூச்சு இழுத்தது.

பக்கத்தில் துடைக்கிற பஞ்சு கிடந்தது. ஸ்ஸ்ஸ்... ஒரு விரற்கடை நகர்ந்தது.

ஸ்ஸ்ஸ்... இன்னும் ஒரு விரற்கடை.

சிலேட்டைப் பார்த்தேன்.

என் ‘80’ இல்லை.

20.

வண்டியின் இடதுபக்க சீட்... யாரோ உட்கார்ந்த மாதிரி... மெதுவாக அமுங்கியது.

7.48.

தாழ்ப்பாளை எப்படித் திறந்தேன் என்று நினைவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் துரையிடம் திட்டத்தை நீட்டினேன். சீவ வேண்டியது இருபது என்று எழுதியிருந்தேன். வேறு எண்ணை எழுதக் கை மறுத்தது. துரை படித்தார். “இருபது? பயமா?” என்றார். சம்பத்தின் காகிதத்தில் எண்பது இருந்தது. அவனுக்குக் கைகொடுத்தார். துரை கைகொடுத்து நான் பார்த்தது அன்று ஒரு தரம்தான்.

வெளியே வந்ததும் சம்பத் என் தோளைத் தட்டினான். “இருபது சீவறதுக்கு எஞ்சின் எதுக்கு மாமே? மாட்டு வண்டி வாங்கி ஓட்டு.”

என் கருவிப் பெட்டியை எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். மூலையில் முந்தின நாள் மீந்த மாவு, கிண்ணத்தை விட்டு வழிந்து நின்றது. வைத்தது போல இரண்டு மடங்கு. ராஜம்மா ரொட்டி மாவு புளிக்கக் கள் விடுவாள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வால்வு அழுத்திவிட்டு விலகிய பிறகு, நான் டீ குடித்த முக்கால் மணி நேரத்தில், அந்த மாவு உள்ளேயே பொங்கியிருக்கிறது. கொஞ்சம் மெழுகை வைத்து, உடனே திறந்து அளந்தேன். உண்மையான இடைவெளி எண்பது. அறுபது போனால்...

இருபது.

பெட்டியோடு கேட்டுக்கு வந்தேன். துலுக்கானத்திடம் நேராகக் கேட்டேன். “அருள்தாஸ் எங்க?”

அவர் பங்களாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “பம்பாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஐப்பசி மாசம். நசரத்பேட்ட தாண்டி. எஞ்சின் பூட்டிக்கிச்சு, வண்டி உருண்டுச்சு. தொர எழுந்து நின்னாரு. அவன் எழுந்துக்கல.”

“போலீசு?”

“வந்தாங்க. பங்களால டீ குடிச்சிட்டுப் போனாங்க.”

“ஏன் எங்ககிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா, நாளைக்கு எனக்குச் சோறு நீ போடுவியா நைனா?”

சம்பத் அங்கேதான் நின்றான், வேப்பமரத்தடியில், ஓட்டு வீட்டின் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு. அவனிடம் போனேன். “மாவ நம்பாத மச்சான்” என்றேன்.

“பொறாமைல வேவாத மாமே. சீட்டு என்னுது.”

அத்தோடு நிறுத்திக்கொண்டேன். மாவு பொங்கும் என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் போதும். அவன் கெட்டிக்காரன், புரிந்துகொண்டிருப்பான். அருள்தாஸ் செத்த கதையைச் சொல்லியிருந்தாலும் போதும். சொல்லவில்லை. மாட்டு வண்டி என்றானே, அந்த எரிச்சல். போய்ப் படட்டும் என்று ஒரு நினைப்பு. திங்கட்கிழமை குடும்பத்தோடு அம்பத்தூருக்கு, மைத்துனன் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.42. திருமழிசைக்கு இந்தப் பக்கம். துரைக்குத் தோள் எலும்பு முறிந்தது. பத்திரிகையில் ஆறு வரி வந்தது. அதில் கடைசி வரியில் ‘உடன் சென்ற வேலையாள் ஒருவர்’ என்று இருந்தது. அதுதான் சம்பத்.

பதினாறாம் நாள் பூந்தமல்லியில் அவன் மாமனார் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். அவன் மனைவி வரலட்சுமி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அழவில்லை.

“வந்துட்டியா. உன்ன ஒரு வார்த்த கேக்கணும்னு இருந்தேன்.”

“சொல்லும்மா.”

“ஹெட்ட சீவக் குடுக்கறதுக்கு முந்தின நாளு. அவரு எழுதி வச்ச எண்பத நீ வந்து அழிச்சிட்டு இருபதுனு எழுதிட்டுப் போனியாம். அவரு திருப்பி எழுதுனாரு. நீ திருப்பி அழிச்ச. ‘கங்காதரன் ஒளிஞ்சிகினு வந்து என் பொழப்பக் கெடுக்கறான்’னு சொல்லிச் சொல்லி மாஞ்சாரு.”

“நான் அப்ப அம்பத்தூர்ல இருந்தேன்மா. காட்டுப்பாக்கம் பக்கமே வரல.”

“பொய் சொல்லாத. பொறுக்காம அவரு சிலேட்ட ஊட்டுக்கே எடுத்துகினு வந்துட்டாரு. எண்பதுனு எழுதி, தலமாட்டுல வச்சிகினு படுத்தாரு. நானும் புள்ளையும் பக்கத்துல படுத்திருந்தோம். காலைல பாத்தா இருபது.”

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“கதவு உள்பக்கம் தாப்பா போட்டது போட்டபடியே இருந்துச்சு. நீ எப்டி உள்ள வந்த? அத மட்டும் சொல்லிட்டுப் போ.”