களம்பூரிலிருந்து வந்த ஜீப்

மண்ணெண்ணெயில் ஊறிய துருவின் வாசனை மூக்கில் ஏறினால் சட்டென்று இறங்காது. சோற்றில், தலையணையில், பள்ளிக்கூடப் பையில் எல்லாம் அதுவே மணக்கும். நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் ஆரணியில் எங்கள் வீடு அப்படித்தான் மணத்துக்கொண்டிருந்தது. கூடத்துத் தறியில் பட்டுப்பாவு, வாசலில் துருப்பிடித்த ஜீப். துருத்தூள் பாவில் படிந்தால் சேலை வீணாகிவிடும் என்று அப்பா பழைய வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து நடுவில் திரையாகத் தொங்கவிட்டிருந்தார். "பட்டு நெய்ற வூட்ல இரும்புக்கடை வச்சிகினு ஒரே பேஜாரு" என்று முணுமுணுப்பாரே தவிர, அதைக் கொண்டுவந்த அம்மாவிடம் திருப்பி அனுப்பு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அது யாருக்காக வந்தது என்று அவருக்குத் தெரியும்.

அம்மாவின் தம்பி செல்வம் மாமா களம்பூரில் ஓர் அரிசி ஆலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் எதிரே வந்த வண்டி தடம் மாறி மோதியதில், கிளீனராக உடன் வந்த மாரி அந்த இடத்திலேயே இறந்துபோனான். ஜவ்வாது மலையடிவாரத்து ஊரிலிருந்து பிழைக்க வந்தவன், தகப்பன் இல்லாத வீட்டுக்கு ஒரே பிள்ளை. தப்பு மாமாமேல் இல்லை என்று போலீசும் சொன்னது, பார்த்தவர்களும் சொன்னார்கள். மாமாவின் மனசு மட்டும் அதை ஏற்கவில்லை. மோதலில் முறிந்த கால் எலும்பு கூடி, கட்டுப் பிரித்த பின்னும் எங்கள் வீட்டு உள்ளறையில் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தார். தெருவில் லாரி போனால் காதைப் பொத்திக்கொள்வார். சாப்பிடக் கூப்பிட்டால் தலையசைப்பார். அதற்குமேல் பேச்சில்லை.

மாமாவின் துணிமணிகளை எடுத்துவர ஆலைக்குப் போன அம்மா, உமிக்குவியலுக்குப் பின்னால் அந்த ஜீப்பைப் பார்த்திருக்கிறாள். பட்டாளத்தில் ஓடி, ஏலத்தில் வந்து, ஆலைக்கும் உழைத்துக் கடைசியில் கைவிடப்பட்ட வண்டி. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வகை. மாமா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைத்தான் ஓட்டினாராம். தரைத்தகடு இற்றுப்போன ஓட்டை வழியே ஒரு வேப்பங்கன்று தலைநீட்டியிருந்தது. ஆலைக்காரர் அதை உடைத்துப் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தச் சேலை நெய்து தருவதாகப் பேசி, டிராக்டரில் சங்கிலி கட்டி அம்மா அதை இழுத்துவரச் செய்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. மாமா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தறியை விட்டு இறங்கியதும் அம்மா உப்புத்தாளும் கம்பி பிரஷுமாக வண்டியடியில் உட்கார்ந்துவிடுவாள். வாரக்கணக்கில் தேய்த்தும் துரு அதே கோலத்தில்தான் இருந்தது. ஒருநாள் சக்கரத்து நட்டு ஒன்று அசையவில்லை. அம்மா சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தாள். உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, அத அடிக்காத. போல்ட் முறிஞ்சிடும். மண்ணெண்ண ஊத்தி நாளைக்கு வரைக்கும் வுட்டுடு."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "எங்க ஊத்தணும், எவ்ளோ ஊத்தணும், எனுக்கு இன்னா தெரியும்? வந்து காட்டு" என்றாள்.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

அதற்குப் பிறகு வீடு பட்டறையாயிற்று. இஞ்சின் துண்டு துண்டாகக் கழன்று எங்கள் அண்டா குண்டான்களில் எல்லாம் ஊறியது. இற்ற தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்து, செங்காவிப் பூச்சு அடித்தார்கள். கிடைக்காத சாமான்களுக்கு மாமா வேலூர்ப் பழைய இரும்புக் கடைகளுக்குப் பஸ்ஸில் போய்வந்தார். ஒயர்கள் சிக்கிக் கிடந்ததைப் பார்த்து அவர் மலைத்து நின்றபோது, திரையை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். "இத்தினி இழையில அறுந்த ஒண்ண தேடிப் புடிக்கிறவன் நான். இந்த நாலு ஒயரு பெருசா" என்று உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துவிட்டார். மேல்கூரைக் கித்தானைத் தைத்ததும் அவர்தான்.

ஒரு சாயங்காலம் வண்டி உறுமி எழுந்தது. நாங்கள் கைதட்டினோம். மாமா இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, சாவியை அம்மாவிடம் நீட்டினார்.

"நீ ஓட்டுக்கா. நான் பக்கத்துல குந்திகினு வரேன். இனிமே ஸ்டேரிங் என் கையால ஆவாது."

அம்மா வற்புறுத்தவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வறண்டு கிடந்த ஆற்று மணலில் ஓட்டப் பழகினாள். முதல் வாரம் ஒரு முட்புதருக்குள் போய் நின்றாள். அடுத்த மாதம் கடைத்தெருவில் காய் வாங்கி வந்தாள். "தறி மிதிக்கிற காலுதானே" என்பாள், கேட்கிறவர்களிடம்.

முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மாரி வூட்டுக்குப் போலாம், கிளம்பு" என்றாள். மாமா அதுவரை அந்தப் பக்கமே போனதில்லை. மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தார். அப்பாவும் நானும் பின்னால்.

போளூர் தாண்டி மலையடிவாரத்தில் தார்ச்சாலை முடிந்து, சேறான செம்மண் மேடு தொடங்கியது. பாதி மேட்டில் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. வண்டி மெல்ல ஓரத்துப் பள்ளத்தை நோக்கிச் சறுக்கியது. அம்மா பிரேக்கை மிதித்தபடி, "செல்வம், இதுக்கு மேல என்னால ஆவலடா" என்றாள். முடியாது என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமா இறங்கிச் சேற்றில் கால் புதையச் சுற்றி வந்தார். அம்மா பிரேக்கை விடாமலே நகர்ந்து இடம் விட்டாள். அவர் கால் பிரேக்குக்கு வந்தது, இரண்டு கைகளும் ஸ்டேரிங்கின்மேல் வந்தன. பிறகு முன்சக்கரங்களுக்கான குட்டிக் கியரைத் தள்ளினார். வண்டி சேற்றைக் கவ்விக்கொண்டு ஏறியது.

மாரியின் அம்மா களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். மாமா அவர் காலில் விழுந்தார், எழவில்லை.

"உனுக்காகத்தான் பாத்துகினு இருந்தேன்" என்றார் அந்த அம்மா. "ஊருக்கு வந்தா செல்வண்ணன் செல்வண்ணன்னுதான் பேசுவான். உனுக்கும் கால் போச்சுன்னாங்க. இப்ப எப்டி கீது?" குனிந்து, மாமாவின் காலைத் தடவிப் பார்த்தார். "எழுந்து கை கழுவு. சோறு ஆறிப்போவுது."

மாமா அழுதுகொண்டே சாப்பிட்டார். திரும்பும்போது அவர்தான் ஓட்டினார். அம்மா வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து மாதம் தவறாமல் அந்த ஜீப் மலையடிவாரத்துக்குப் போய்வந்தது. பலா ஏற்றி வந்தது. பிரசவ வலி கண்ட பெண்களைப் போளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது. மாமாவுக்குப் பெண் பார்க்கப் போனபோது மாரியின் அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

இப்போது ஜீப் இல்லை. பழைய வண்டிக்குக் காகிதம் புதுப்பிக்க முடியாமல் ஒருநாள் உடைத்துவிட்டோம். அது நின்ற இடத்தில் பவர்லூம் ஓடுகிறது. செம்மண் மேட்டில் தார் போட்டு மினிபஸ் விட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு நான் நன்றி சொன்னதில்லை. சொன்னால், எதற்கு என்று கேட்பாள். ஒரு மனிதனை எப்படி எழுப்பி உட்கார வைப்பது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க எனக்குக் கொடுத்துவைத்திருந்தது. அதற்குத்தான்.

போன தை மாதம் மாரியின் அம்மா காலமானார். அம்மாவும் நானும் அந்த மினிபஸ்ஸில் போயிருந்தோம், மாமா முந்தின நாளே போய்விட்டிருந்தார். எடுக்கும் நேரம் ஊர்ப் பெரியவர் ஒருவர், "புள்ளைய முன்னால வரச் சொல்லுங்க" என்றார். எந்தப் பிள்ளை என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. தலை நரைத்த செல்வம் மாமா எழுந்து முன்னால் போனார்.